பூதம் எழும்போது நான் மனு எழுதிக்கொண்டிருந்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் சாவதற்கு நான் காரணமாக இருந்தேன். பயந்துவிடாதீர்கள், பன்னிரண்டு பேரும் காகிதத்தில் இருந்தவர்கள். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நானும் ஒரு வாரமாகப் பார்க்கிறேன்... முடியவில்லை.

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு குழு கதை விளையாட்டுகளை அச்சிடுகிறது. போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் – வீரன், திருடன், மந்திரக்காரி. 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்று அவர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். இந்த வருடம் தமிழில் ஒரே ஒரு சாகசக் கதையைத்தான் அச்சிடப் போகிறார்கள்.

அவர்களுக்கு வந்ததில் ஒன்று, பெல்மதுளைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து. எழுதியவள் ஜெனிட்டா, இருபத்தாறு வயது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை – தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஃபோனில் கொழும்புப் பிள்ளைகளோடு ஆடிப் பழகி, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் இரண்டு வருடமாக உட்கார்ந்து சொந்தமாக ஒன்று எழுதியிருக்கிறாள். நான் பக்கத்து ஊர்க்காரி. போதாததற்கு எழுதுகிறவள் வேறு. ஆகவே ஆடிப் பார்த்து நிறை, குறை எழுதி, 'அச்சிடலாம்', 'வேண்டாம்' என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் குறி போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படிவத்தின் அடியில் ஒரு விதியும் இருந்தது. சோதனை ஆட்டத்தில் வெற்றி கிடைக்காத கதையைப் பரிந்துரைக்கக் கூடாது. நியாயமான விதிதானே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆட்டம் பிள்ளைக்காம்பராவிலேயே. ஆடுகிறவர்கள் மூன்று பேர். இருபது வருடமாகப் பால் வெட்டும் செல்வி அக்கா, வாள் பிடித்த வீராங்கனை. த்ரீவீலர் ஓட்டும் பிரதீப், திருடன். நான் மந்திரக்காரி – உள்ளங்கையிலிருந்து நெருப்பு வரும். ரொம்பப் பொருத்தம் என்றார், பிறகு வீட்டில் இதைக் கேட்ட என் வீட்டுக்காரர்.

முதல் ஒரு மணி நேரத்தில் என் நோட்டில் குறைப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. ராஜவம்ச வரலாறு எட்டுப் பக்கம் – யார் கேட்டார்கள்? மந்திர வாள் ஒன்று கிடைக்கிறது, அதற்கு ஒரு வேலையும் இல்லை. காட்டில் மூன்று சண்டை, மூன்றும் ஒரே மாதிரி. மூன்றாவது சண்டையின் நடுவே செல்வி அக்கா கொட்டாவி விட்டார். ஜெனிட்டா அதைப் பார்த்துவிட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நிறைப் பக்கத்தில் ஒரே வரி: ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது.

பிறகு மலையடி ஊருக்கு வந்து சேர்ந்தோம். சின்ன ஊர். மலைக்குள் ஒரு பூதம் தூங்குகிறது. அது புரண்டு எழுந்தால் மலை அப்படியே இறங்கிவிடும். ஜெனிட்டா தன் ஃபோனில் இருபது நிமிடம் வைத்து மேசை நடுவில் நிறுத்தினாள். நிஜமான இருபது நிமிடம். எண்கள் இறங்க ஆரம்பித்தன.

"ஊத்துத் தண்ணி கலங்கி வருது," என்றாள். "மரமெல்லாம் கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கு. என்ன செய்றீங்க?"

செல்வி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மலை நிற்காது, ஆட்களை வெளியே எடுக்க வேண்டும் என்றார். சரியான பேச்சு! முதலில் எதிர்ப்பட்ட மாரிமுத்து என்ற பெரியவரிடம் சொன்னோம். கோட்டையிலிருந்து இன்னும் ஆள் வரவில்லையே என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

உடனே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கோட்டைக்கு ஓடினோம். மூன்று பேரும். ஒருவர்கூட யோசிக்கவில்லை. அங்கே இருப்பவர் கதையில் கோட்டைத் தலைவர். செல்வி அக்காவின் வாயில் அந்த நிமிடமே தோட்டத்துத் துரையாகிவிட்டார். துரையிடம் சொன்னால்தான் சரிவரும் என்று அக்கா சொல்ல, நானும் தலையாட்டினேன்.

ஃபோனில் பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.

கோட்டை வாசலில் ஒரு எழுத்தர். தலைவர் சாப்பிடுகிறார், இருங்கள் என்றார். இருந்தோம்! பிரதீப் மட்டும், பின்பக்கமாக ஏறிக் குதிக்கிறேன் என்று பகடையை எடுத்தான். தடுத்தது நான்தான். மரியாதையாகக் கேட்டால் கிடைக்கும் என்று புத்தி வேறு சொன்னேன். 'ஹரி மிஸ், ஹரி' என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டு பகடையைக் கீழே வைத்தான். உள்ளங்கையில் நெருப்பை வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்குக் கீழே கைகட்டி நின்ற மந்திரக்காரியை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா?

எழுத்தர் திரும்பி வந்தார். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் கொடுங்கள் என்றார்.

எழுத்து! என் தொழில் ஆயிற்றே. பேனாவைத் திறந்து 'மாண்புமிகு கோட்டைத் தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கினேன். 'மாண்புமிகு' போதுமா, 'மேன்மைதங்கிய' என்று போடலாமா என்று பிரதீப்பிடம் கேட்டேன் – சத்தியமாகக் கேட்டேன். ஆறு நிமிடம். அவன் காலை ஆட்டிக்கொண்டு ஃபோனையே பார்த்தான். நாலு. மூன்று பேரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார் செல்வி அக்கா. வைத்தோம். என் கை வியர்த்து மை இழுபட்டது. எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஒரு நிமிடம். கதவு திறக்கவில்லை.

ஃபோன் அடித்தது.

ஜெனிட்டா அதை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்து வாசித்தாள். மாரிமுத்து. அவர் மருமகள் தெய்வானை. தெய்வானையின் இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொரு பெயராக, பன்னிரண்டு பெயர். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஜெயிக்கிறதுக்கு வழியே வைக்காம எழுதிட்டு, எங்கள ஏன் ஓட விட்டீங்க?" என்று கேட்டேன்.

அவள் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். வீரர்களில் யாராவது மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, கிளம்புங்கள் என்று சொன்னால் ஊர் முழுக்கக் கிளம்பிவிடும். பகடை தேவையில்லை.

"இதோட ஏழு தடவ ஆடியாச்சு மிஸ்," என்றாள். "கொழும்புப் பிள்ளைங்க பூதத்தக் கொல்லப் போனாங்க. இங்க உள்ளவங்க கோட்டைக்குத்தான் போனாங்க. கதவத் தட்டுன ஆள் இன்னும் இல்ல."

வெட்கமாக இருந்தது. ஆனால் நடுவர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு யோசனை சொன்னேன். மாரிமுத்து 'எதற்கும் கதவைத் தட்டிப் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னொரு தடவை ஆடுவோம். ஜெயித்துவிடுவோம். விதியும் காப்பாற்றப்படும், கதையும் அச்சேறும். அப்படிப் போட்டால் கட்டாயம் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டாள். பரிந்துரைப்பேன் என்றேன். ஜெனிட்டா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருட உழைப்பு. பிறகு மெதுவாகப் பேனாவை எடுத்தாள்.

செல்வி அக்கா அந்தத் தாளின் மேல் கையை வைத்தார்.

"எங்க லயத்து வீட்டுல செவுரு வெடிச்சப்போ, ஆபிஸ்ல இருந்து ஆள் வந்து பார்க்கட்டும்னு ரெண்டு நாள் உள்ளேயே இருந்தோம். கைப்பிள்ளையோட. மழ விட்டுச்சு, தப்பிச்சோம். எழும்பிப் போகலாம்னு ஒருத்தருக்கும் தோணல. இன்னிக்கும் எனக்குத் தோணல, பாரு." கையை எடுக்கவில்லை. "இத மாத்தாத புள்ள."

ஜெனிட்டா பேனாவை மூடினாள். அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை என்றாள். கண் கலங்கியிருந்தது. பரவாயில்லாமல் எப்படி இருக்கும்?

படிவத்தை எடுத்தேன். குறைகளை ஒளிக்கவில்லை – ராஜவம்சத்தை அரைப் பக்கமாக்கு, வாளைத் தூக்கு, இரண்டு சண்டையை வெட்டு. நிறைக்குக் கொடுத்த இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். மிச்சம் அந்தப் பெட்டி. விதி கீழேயிருந்து என்னையே பார்த்தது. எங்களுக்கு வெற்றி கிடைத்ததா? இல்லை.

சரி, கொழும்புக் குழுவின் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை விளக்கி, இந்த ஒன்றுக்கு மட்டும் விதியைத் தளர்த்தலாமா என்று கேட்டுவிடலாம் என ஃபோனை எடுத்தேன். ஒரு ரிங் போனது. இரண்டு ரிங் போனது.

"யார்கிட்ட கேக்குறீங்க மிஸ்?" என்றான் பிரதீப்.

கட் பண்ணினேன். 'அச்சிடலாம்' என்ற பெட்டியில் பேனாவை அழுத்திக் குறி போட்டேன்.

கொழும்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.