மொனகனுக்குப் போன பஸ்

நோர்மா எல்கின் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுபவள். எங்கள் ஊர் வட அயர்லாந்தில், டைரோன் மாவட்டத்தின் தென்கோடி. மேட்டைத் தாண்டி இறங்கினால் வேறு நாடு, அயர்லாந்துக் குடியரசின் மொனகன். இங்கே நாங்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள், அங்கே கத்தோலிக்கர்கள். அந்தப் பக்கத்திலிருந்து துப்பாக்கியைத் தவிர வேறெதுவும் வராது என்பது எங்களூர்ப் பேச்சு. நோர்மாவின் தம்பியைச் சுட்டுக் கொன்றவர்களும் அந்த வழியாகத்தான் தப்பிப் போனார்கள்.

அவன் அடக்கத்துக்கு முகம் தெரியாத ஒரு பெண் வந்து தேவாலயச் சுவரோரம் தனியாக நின்றாள். யாரென்று நோர்மா கேட்டாள்.

"மொனகன்ல இருந்து வரேங்க. பேரு டிம்ப்னா. உங்க தம்பியத் தெரியாது. சேதி கேட்டதும் வீட்டுல இருப்புக் கொள்ளல."

ஊரே முறைத்தது. நோர்மா அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அப்படி ஆரம்பித்த பழக்கம். டிம்ப்னா அங்கே ஒரு மாதர் சங்கம் நடத்தினாள். நானும் நோர்மாவும் இங்கே ஒன்று வைத்திருந்தோம். எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் இரண்டு சங்கமும் ஒரு முடிவுக்கு வந்தன. எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் மொனகன் வீடுகளில் தங்குவார்கள். அடுத்த வாரம் அவர்கள் பிள்ளைகள் இங்கே.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நோர்மா வீட்டில் போன் அடித்தது.

"சனிக்கிழமை பஸ் எல்லையத் தாண்டினா திரும்பி வராது."

வாயில் துணியை வைத்துப் பேசியிருக்கிறான். ஆனாலும் வாராவாரம் கேட்கிற குரல் தெரியாதா? கறிக்கடை வெஸ்லி, அந்தப் பக்கத்தோடு ஒட்டே கூடாது என்கிற எங்களூர்க் கூட்டத்தில் ஒருவன். போலீஸில் சொன்னாள், பெயரை மட்டும் சொல்லவில்லை. "அவன் உள்ள போவான். அவன் கூட்டாளிங்க வெளிய இருப்பாங்களே" என்றாள் என்னிடம்.

மறுநாள் நேராகக் கறிக்கடைக்குப் போனாள். நானும் உடன் போனேன். கடை நிறைய ஆட்கள்.

"வெஸ்லி, நாளைக்குக் காலையில கிளம்புறோம். உங்க அக்கா மக ரோஸ்லினும் வரா. எனக்குப் பின்னாடி சீட்டு அவளுக்கு."

வெஸ்லியின் கத்தி பலகை மேலேயே நின்றது. "ரோஸ்லினா? எங்கக்கா ஒண்ணும் சொல்லலையே."

"நீ கேட்டிருக்க மாட்ட" என்றாள் நோர்மா.

அன்று மாலை பெற்றோரைக் கூட்டி, போனில் வந்ததை அப்படியே சொன்னாள். "உனக்கென்னம்மா, உனக்குப் புள்ளையா குட்டியா" என்று ஒருவர் கத்தினார். நோர்மா முகம் வெளுத்தாலும் அசரவில்லை. "அனுப்பாதவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. தெரியாம அனுப்பக் கூடாது, அதான் கூப்பிட்டேன்."

பாதிப் பேர் பின்வாங்கினார்கள். மீதிப் பிள்ளைகள் சனிக்கிழமை காலை வந்து நின்றபோது டிம்ப்னாவின் கார் வந்து நின்றது. இரவே நோர்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். டிம்ப்னா தன் இரண்டு பிள்ளைகளையும் இறக்கி, பஸ்ஸுக்குள் ஏற்றினாள். பிறகு தானும் ஏறினாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றாள் நோர்மா.

"உங்க ஊர்ப் புள்ளைங்க எங்க வீட்டுக்கு வருதுங்க. கூட்டிட்டுப் போக நான் வர வேண்டாமா? வண்டிய எடுடி."

பாதி வழியில், ஒரு வளைவில் நோர்மா சட்டென்று பிரேக் போட்டாள். சாலை நடுவில் ஒரு பால் கேன் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பால் கேனில் பால்தான் இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை, வெடிகுண்டு வைப்பதும் அதில்தான். நோர்மா மெல்லப் பின்னுக்கு ஓட்டி வளைவைத் தாண்டி நிறுத்தினாள். நாங்கள் மூவரும் பிள்ளைகளை வேலிக்கு அப்பால், தூரத்து வயலில் கொண்டுபோய் உட்கார வைத்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர் ராணுவத்துக்குப் போன் செய்தார். செய்தி ஊருக்குள்ளும் பரவிவிட்டது.

ராணுவத்தார் சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெஸ்லியின் வேன் வந்து நின்றது. கறிக்கடை ஏப்ரனோடு வயலில் ஓடி வந்தான்.

"ரோஸ்லின் எங்க?"

"உயிரோடதான் இருக்கா" என்றாள் நோர்மா.

அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அத நாங்க வைக்கல நோர்மா. சத்தியமா. போன் மட்டும்தான் பண்ணோம்."

நோர்மா அவனை அறைவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"திரும்பிடலாமா, போகலாமா? நீங்கதான் சொல்லணும்."

டிம்ப்னாவின் மகன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் ரோஸ்லின்தான் எழுந்தாள்.

"நான் போறேன்."

"வேணாம் கண்ணு, வண்டியில ஏறு. வீட்டுக்குப் போலாம்" என்றான் வெஸ்லி.

"நீங்க போங்க மாமா. எனக்கு அங்க ஒரு வீடு காத்திருக்கு."

அவளைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கேனுக்குள் கல்லும் தண்ணீரும்தான் இருந்தன. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. ராணுவத்தார் வழி விட்டதும் நோர்மா வெஸ்லியிடம் போனாள்.

"நீ முன்னால போ. நான் உன் பின்னாடியே வரேன். எல்லை வரைக்கும்."

"நானா?"

"வேற யாரு? வழியில என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியலாம்."

அவன் ரோஸ்லினைப் பார்த்தான். பிறகு போய் வேனைக் கிளப்பினான். ஊர்ந்து ஊர்ந்து போனான். ஒவ்வொரு பாலத்துக்கு முன்னாலும் வேன் தயங்கும், நோர்மா ஹாரன் அடிப்பாள், வேன் நகரும். எல்லைச் சாவடியில் அவன் ஓரமாக ஒதுங்கினான். நாங்கள் கடந்து போனோம். ரோஸ்லின் கையசைத்தாள். அவன் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்திருந்தான்.

மொனகனில் தெருவே திரண்டு நின்றது. பிள்ளைகளை வீடு வீடாகக் கூட்டிப் போனார்கள். டிம்ப்னாவின் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நோர்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டீக்கோப்பையைத் தூக்க முடியவில்லை. டிம்ப்னா அதைப் பிடித்து அவள் வாயில் வைத்தாள்.

"அவனக் கொன்னிருப்பேன் டிம்ப்னா. அந்த வயல்லயே."

"தெரியும். குடி."

அடுத்த வாரம் மொனகன் பிள்ளைகள் பயந்து பயந்து எங்களூர் வந்தார்கள். பின்வாங்கிய வீடுகளில் சில அப்போது கதவைத் திறந்தன, சில கடைசிவரை திறக்கவில்லை. வெஸ்லி அதன் பிறகு நோர்மாவை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவளும் அவன் கடை வாசலை மிதிக்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போய்க் கறி வாங்கினாள். அவன் பெயரை நானும் அவளும் யாரிடமும் சொன்னதில்லை. மறு கோடையில் ஒரு பஸ் போதாமல் இரண்டாவது பஸ்ஸை நான் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.