பால்மா டின்னுக்குள் நட்சத்திரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் அன்புவழிபுரத்து வீட்டுக்குத் திரும்பினோம். குசினி மேசையில் ஒரு பால்மா டின் இருந்தது. பக்கத்தில் மாமா. அம்மாவின் தம்பியான அவர் துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்பவர்.

"இதுக்குள்ள நியூத்திரன் நட்சத்திரத்தின்ர ஒரு தேக்கரண்டி இருக்கு. தூக்கிப் பார் பிள்ளை."

இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. அம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். மலையளவு பாரம் என்றார் மாமா. நான் நம்பினேன். கப்பலில்தான் வந்திருக்கும் என்றும் நானே முடிவுசெய்துகொண்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் கதை குறைந்திருந்தது. கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்க அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் பொம்பிளைப் பிள்ளையை விட ஏலாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்றும் அப்பா கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறையிலிருந்து அக்கா வந்தாள். "மாமா, சும்மா அவளை ஏமாத்தாதேங்கோ. மலையளவு பாரம் இந்த மேசையில நிக்குமே? அதை டின்னில அடைக்கவே ஏலாது. நட்சத்திரத்தின்ர ஈர்ப்புத்தான் அதை அமத்தி வைச்சிருக்கு. வெளியில எடுத்தால் வெடிச்சுச் சிதறிப்போகும்."

"அப்ப அந்த நட்சத்திரம் எவ்வளவு பெரிசு?" என்றார் மாமா.

"கிண்ணியாவில இருந்து நிலாவெளி மட்டும்தான், இருபது கிலோமீற்றர் வரும். ஆனால் சூரியனைவிடப் பாரம். பெரிய நட்சத்திரம் எரிஞ்சு முடிய, அதின்ர நடுப்பகுதி இடிஞ்சு சுருங்கி வாறது. சிலது ஒரு செக்கனுக்குள்ள நூற்றுக்கணக்கான தரம் சுத்தும்."

பேப்பர் கீழே இறங்கியது. "அவ்வளவு பாரமெண்டால் அது ஏன் இன்னும் சுருங்கேல்லை?" என்று அப்பா கேட்டார்.

அக்கா தயங்கினாள். பிறகு அப்பாவைப் பார்த்தே சொன்னாள். "நியூத்திரன்களை ஒரு அளவுக்கு மேல நெருக்க ஏலாதப்பா. அதுகள் எதிர்த்துத் தள்ளும். பாரம் இன்னும் கூடினால் அதுகளாலயும் தாங்க ஏலாது, கருந்துளையாப் போயிடும்."

அப்பா இன்னொரு கேள்வி கேட்டார். அதன்பிறகும் ஒன்று. சோறு ஆறிப்போனது.

மாமா குனிந்து, மேசைக்கு அடியில் முறுக்கியிருந்த நட்டைக் கழற்றி, டின்னை எடுத்துக்கொண்டார். தன் மேசையில் விழுந்த ஓட்டையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. பொய் பிடிபட்டு நின்ற மாமாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எனக்கென்று வைத்திருந்த தொதல் இனிப்பை அவரிடம் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டார்.

மாத முடிவில் அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவே அவளோடு கண்டி பஸ்ஸில் ஏறினார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய வாரம், கிணற்றடியில் மாமா இதே நட்சத்திரத்தைப் பற்றி அக்காவிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். இருந்தும் அவர் அந்த டின்னை யாருக்காக மேசையில் பூட்டினார் என்பது எனக்கு விளங்கவில்லை. அக்காவிடம் தோற்றுப்போனவர் என்று நெடுங்காலம் அவருக்காக இரங்கிக்கொண்டிருந்தேன்.