பாதிப் பூ

போன ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலத்தில் ஒரு காயலான் கடை வாசலில் நின்றுகொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தேன். இப்போதும் தெரியவில்லை.

பித்ரி வேலைப்பாட்டின் மேல் எனக்குள்ள பைத்தியம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் பழக்கம்தான். துத்தநாகம் கலந்த கறுப்பு உலோகத்தின் மேல் வெள்ளித் தகடு பதித்த பழைய கூஜா, தட்டு, பெட்டி... எங்கே கண்டாலும் வாங்கிவந்து ஷோகேஸில் அடுக்குவேன். அதில் ஒரு வெற்றிலைப் பெட்டியின் மூடியும் உண்டு. மூடி மட்டும்தான். விளிம்பில் ஒரு வெள்ளிப் பூ பாதியோடு நிற்கும். மீதிப் பாதி பெட்டியில் இருக்கவேண்டும். வருஷக்கணக்காகத் தேடினேன்.

"உலகத்துலயே மூடி மட்டும் வாங்கிட்டு வந்த ஆள் நீங்கதான்" என்பாள் மனைவி.

காயலான் கடை முனிராஜிடமும் மூடியைக் காட்டி வைத்திருந்தேன். புதன்கிழமை போன் செய்தார்.

"சார், உங்க பாதிப் பூ வந்திருக்கு. அடிப்பெட்டி. மூடி இல்ல."

அப்போதே கிளம்பியிருப்பேன். ஆனால் லீவு ஞாயிற்றுக்கிழமைதானே?

"ஞாயித்துக்கிழமை வந்துடறேன். அதுவரைக்கும் வெள்ளிப் பூவுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்குங்க" என்றேன்.

மூடியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். முனிராஜ் சிரித்த முகமாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே வெள்ளித் துணுக்குகள்.

"நானும் வீட்டுக்காரியும் உக்காந்து ஸ்க்ரூ டிரைவர்ல நோண்டி எடுத்தோம் சார். ஒரு பூகூட உடையல, பாருங்க."

"பெட்டி?"

"அது வெறும் ஜிங்க்தான சார். கதவுக் கைப்பிடி செய்யற கம்பெனி வண்டி நேத்து வந்துச்சு, ஏத்தி உட்டுட்டேன்."

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? ஒயர் வந்தால் செம்பு தனி, மோட்டார் வந்தால் இரும்பு தனி — பிரித்தால்தான் அந்தக் கடையில் எதற்கும் மதிப்பு. எனக்காகவே பிரித்திருக்கிறார், அதுவும் அவ்வளவு பொறுமையாக.

கைப்பிடிக் கம்பெனி இருக்கும் ஓசூருக்கு ஓடினேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உள்ளே போன் போட்டுக் கேட்டார்.

"நேத்தே ஃபர்னஸ்ல போயிருச்சாம் சார்."

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். பாதிப் பூவைத் தேடி எடுத்து, மூடியின் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருந்தால், அது வேறு ஏதோ பெட்டி என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கிடைக்காத பொருள்கூடப் பரவாயில்லை, எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். எனக்கு இனி தேடவும் ஒன்றுமில்லை. அதுதான் தாங்கவில்லை.

புதிதாகக் கதவுக் கைப்பிடி வாங்கியவர்கள்... தயவுசெய்து கொஞ்சம் மெதுவாகத் திறங்கள்.