ஜவுளிக்கடையிலிருந்து வந்த கணக்கு வாத்தியார்

சிவராஜ் சார் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே புதுத்துணி வாசனை வந்துவிடும். கஞ்சியும் சாயமும் கலந்த அந்த வாசனை எத்தனை முறை துவைத்தாலும் அவர் சட்டையை விட்டுப் போகவில்லை. வாத்தியார் பயிற்சி முடித்தும் வேலை கிடைக்காமல் ஆறு வருடம் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில், துடியலூர்ப் பக்கம் ஒரு சிறிய பெண்கள் பள்ளியில் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக வந்து சேர்ந்தார்.

முதல் நாளே எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசலில் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, "வாங்க கண்ணு, வாங்க, உள்ள வந்து உக்காருங்க. இன்னைக்கு என்ன பாக்கலாம், கணக்குங்களா, அறிவியலுங்களா?" என்றார். எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் மற்ற வாத்தியார்கள் "புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள், நாங்களும் பாட்டுப் பாடுவதுபோல் "புரிஞ்சுது சார்" என்போம். இவரோ, "புடிச்சுதுங்களா, இல்ல வேற காட்டட்டுங்களா?" என்பார். "வேற காட்டுங்க" என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்க மாட்டார். பலகையைத் துடைத்துவிட்டு, அதே கணக்கை வேறு வழியில் முதலிலிருந்து தொடங்குவார். எடுத்துப் பார்த்த சேலையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை விரிப்பது போலவே இருக்கும்.

இந்த மரியாதையை நாங்கள் சும்மா விடுவோமா? வீட்டுப்பாடத்துக்கே பேரம் பேச ஆரம்பித்தோம். அதில் கெட்டிக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரசு.

"பத்தெல்லாம் கட்டாதுங்க சார். அஞ்சு போடுங்க."

"அஞ்சுக்கு அசலே வராதுங்க அம்மணி. எட்டு வெச்சுக்கங்க."

"ஆறு. இல்லீன்னா வேற வாத்தியாரப் பாத்துக்கறோம்."

"சரி, உங்களுக்காக ஏழு. ஏழு எடுத்தா ஒண்ணு இனாம். இனாமா குடுக்கறத வேண்டாம்னு சொல்லப்படாது."

ஜெயித்துவிட்டதாக ஆர்ப்பாட்டம் செய்துகொண்டு வீட்டுக்குப் போய் எட்டுக் கணக்கும் போடுவோம். ஏமாந்தது தெரிய எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

என் கதை வேறு. நான் வகுப்பில் வாயே திறக்காதவள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், அதோடு சரி. சிவராஜ் சார் என்னை ஒரு நாளும் எழுப்பவில்லை. கடையிலும் வாய் திறக்காமல் நிற்கிறவர்கள் உண்டாம், அவர்கள் கண் எந்தச் சேலையில் நிற்கிறது என்று பார்த்தால் போதுமாம். "மூலையில இருக்கற அம்மணிக்கு இன்னும் மனசு ஒப்பல போலிருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எனக்காக இன்னொரு முறை விரிப்பார். அப்படியே மூன்று மாதம் ஒரு வார்த்தையும் பேசாமல் கணக்குக் கற்றுக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கும்போது ஒரு நாள் அப்பா வந்து சொன்னார். டவுன் பஸ்ஸில் சாரைப் பார்த்தாராம். "உங்க பழைய டீச்சர் இனி வரலியாமா. பெரிய டீச்சர் வெள்ளிக்கிழமை வகுப்புல வந்து உக்காந்து பாப்பாங்களாம். புடிச்சா இவரையே வெச்சுக்குவாங்க. இல்லீன்னா மறுபடி கடைதான். தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் வேணும்னு மொதலாளி கூப்பிட்டுட்டே இருக்காராமா." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "வாத்தியார்னா புள்ளைகளுக்கு ஒரு பயம் வேணும். வாங்க போங்கன்னா எங்கிருந்து வரும்?" என்றார். தலைமையாசிரியையான பெரிய டீச்சரும் அதே கட்சி என்பது எனக்குத் தெரியும்.

விஷயத்தைச் சரசுவிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் வகுப்பே திட்டம் போட்டிருந்தது. "சார் என்ன கேட்டாலும் எல்லாரும் புரிஞ்சுதுன்னு சொல்லிப்போடோணும். எவளாச்சும் வேற காட்டுங்கன்னு வாயத் தொறந்தீங்க, தொலைச்சுப்போடுவேன்" என்றாள் சரசு. நானும் தலையாட்டினேன். எனக்கு அது கஷ்டமே இல்லை.

வெள்ளிக்கிழமை எஸ்தர் டீச்சர், அவர்தான் எங்கள் பெரிய டீச்சர், கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைய பாடம் பின்னத்தால் வகுத்தல். மூன்றை அரையால் வகுத்தால் ஆறு. சார் முதலில் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கிக் காட்டினார். பிறகு மூன்று தோசை வரைந்து பாதி பாதியாக வெட்டினார். "புடிச்சுதுங்களா?" என்றார். "புரிஞ்சுதுங்க சார்" என்று கூரை அதிர்ந்தது.

சார் யாரையும் பாராட்டவில்லை. அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. வகுத்தால் குறைய வேண்டும், இது எப்படிக் கூடும் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை, சும்மா காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கிற ஒருவரிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இல்லீங்க சார். வேற காட்டுங்க" என்றேன்.

வகுப்பில் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை. சரசு என் தொடையைக் கிள்ளியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் ஒரு நொடி அசையாமல் நின்றார். பிறகு, "அதுக்கென்னங்க அம்மணி, காட்டிட்டாப் போச்சு" என்று முன் வரிசையில் மூன்று பேரிடம் ரிப்பன் வாங்கினார். "ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர்னு வெச்சுக்குவோம். ஒரு அம்மணிக்கு அரை மீட்டர் போதும். மூணு மீட்டர்ல எத்தனை அம்மணிக்கு வரும்?" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்துத் தொங்கவிட்டார். எனக்குப் பளிச்சென்று விளங்கியது.

மணி அடித்ததும் எஸ்தர் டீச்சர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "வாயே தொறக்காதவ இன்னைக்கு எப்படிப் பேசினே? சார் சொல்லிக் குடுத்து நடிக்கச் சொன்னாரா?"

நான் பேசாமல் நின்றால் ஆமாம் என்று ஆகிவிடும். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"இல்லீங்க டீச்சர். மொத ரெண்டும் நெசமாவே புரியலீங்க."

"இப்பப் புரிஞ்சுதா? சொல்லு பாப்போம்."

"ரிப்பன் கூடலீங்க. துண்டு சின்னதாச்சு, அதனால ஆள் கூடிப்போச்சுங்க."

"சரி போ. உங்க சாரை வரச் சொல்லு" என்றார். அந்தத் தீபாவளிக்குக் கடைமுதலாளி வேறு ஆள் தேடிக்கொண்டார்.

பிற்பாடு எனக்கு எத்தனையோ பேர் எதையெதையோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தையல், வண்டி ஓட்டுவது, பேங்க் படிவம் நிரப்புவது. எனக்குப் படிப்பு அதிகமில்லை, ஆனாலும் ஒன்று தோன்றும். பாடம் நடத்தப் போகிறவர்கள் ஆறு மாதமாவது ஜவுளிக்கடையில் நின்றுவிட்டுப் போகலாம். வேண்டாம் என்று சொல்கிறவர்மேல் கோபப்படாமல் இருக்க அங்கேதான் பழக முடியும்.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடித் துணிக்கடை வந்துவிட்டது. துணிகள் கம்பியில் தொங்குகின்றன, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும், விரித்துக் காட்ட ஆள் கிடையாது. போன மாதம் அங்கே சுடிதார் வரிசைக்கு நடுவில் தலை நரைத்த சிவராஜ் சாரைப் பார்த்தேன். பேத்திக்குத் துணி எடுக்க வந்திருந்தார். தயங்கித் தயங்கி அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன்.

"மறப்பனுங்களா?" என்றார். "ரெண்டு வழிதானுங்க தயார் பண்ணிட்டு வந்திருந்தேன். நீங்க வேற காட்டுங்கன்னதும் எனக்கு வேர்த்துப்போச்சு. கையில வேற சரக்கே இல்ல. உங்களக் கிள்ளறப்போ உங்க சரசு தலையில ரிப்பன் ஆடினத நான் பாக்கலீன்னா, நான் அன்னைக்கே காந்திபுரம் பஸ் ஏறியிருப்பேன்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பில் போடும் இடத்திலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நானும் கூச்சப்படாமல் கூடவே சிரித்தேன்.