தூக்க வேண்டாத அண்டா

ஆர்லன் ஷூமேக்கர் வாரத்தில் ஆறு நாள் வாயைத் திறப்பதே அபூர்வம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஏரியோரத்து ஊர். பாலாடைக்கட்டி ஆலையில் முப்பத்தொரு வருடம் மின்பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லவோன் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. சனிக்கிழமை மட்டும் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். அன்றைக்குத்தான் மெர்வின் கோசக் பீர் காய்ச்ச வருவார்.

மெர்வின் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். ஆர்லனின் கார் ஷெட்டில் கேஸ் அடுப்பை மூட்டி, ஐந்து கேலன் அண்டாவில் தண்ணீரைச் சுடவைத்து, ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி கிடக்கும் தொட்டியில் ஊற்றுவார்கள். பிறகு வடித்த சாற்றை மறுபடி தூக்கி அடுப்பில் ஏற்றவேண்டும். வேலை முழுக்க வசவுதான்.

"நேராப் புடிடா கெழவா. போன வாரம் பாதி என் பூட்ஸுக்குள்ளதான் போச்சு" என்பார் மெர்வின்.

"உன் பூட்ஸுக்கும் தாகம் எடுக்குது. அதுக்கு நான் என்ன பண்ண?"

போன ஆகஸ்டில் மெர்வினுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை. பத்து பவுண்டுக்கு மேல் எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆர்லனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தூக்க முடியாதவர் எதற்கு வருவார்? அவர் வராவிட்டால் சனிக்கிழமையும் மற்ற நாள் போலத்தானே ஆகிவிடும்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். யாரும் எதையும் தூக்க வேண்டாத மின்சார அமைப்பு. மெயின் பெட்டியிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ட் கம்பி இழுத்தார். மூன்று எஃகு அண்டாக்களைத் துளைபோட்டு, இரண்டில் ஹீட்டர் பொருத்தினார். சாற்றை அண்டா மாற்ற இரண்டு பம்பு, சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் சுவிட்சுப் பலகை. தூக்கவே வேண்டாம் என்றான பிறகு ஐந்து கேலன் எதற்கு என்று இருபது கேலனாக்கினார். தொழில்காரர் கை, நிறுத்தத் தெரியாது.

அதோடு விட்டாரா? முடிகிறவரை மெர்வின் கண்ணில் காட்டக்கூடாது என்று வேறு வைத்துக்கொண்டார். "ஜனவரி வரைக்கும் இந்தப் பக்கம் வராத. உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று போனில் சொல்லிவிட்டார். முதுகில் தையலோடு கிடக்கிற மனுஷனை ஐந்து மாதம் வராதே என்று சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ. கேட்டால், அவனுக்காகத்தானே செய்கிறேன் என்பார்.

ஜனவரியில் மெர்வின் வந்தார். ஆர்லன் அவருக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார். சுவிட்சைத் தட்டினார். பம்பு மெல்ல முனகியது. குழாயில் சாறு தானாக ஏறியது.

"நான் எதப் புடிக்கணும்?" என்றார் மெர்வின்.

"ஒண்ணையும் புடிக்க வேணாம். ராஜா மாதிரி உக்காரு."

"கிண்டி விடட்டா?"

"அதையும் பம்பு பாத்துக்கும்."

"கசப்புக்கு ஹாப்ஸ் பூவையாவது போடுறேன்."

"பைல அளந்து கட்டித் தொங்கவிட்டாச்சு. நேரமானா மணி அடிக்கும்."

மெர்வின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நல்லா செஞ்சிருக்கே என்று இரண்டு முறை சொன்னார். சாறு கொதிப்பதற்குள், மாத்திரை போடவேண்டும் என்று எழுந்து போய்விட்டார். ஆர்லனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

அடுத்த சனிக்கிழமை மெர்வின் வரவில்லை, பனி கொட்டுகிறது என்றார். அதற்கடுத்து பேத்தியின் ஹாக்கிப் போட்டி. நாலாம் வாரம் ஆர்லனே போன் செய்தார்.

"பம்பு மக்கர் பண்ணுது. வந்து குழாயப் புடி."

"முப்பது வருஷம் ஆலையவே ஓட்டினவன் நீ. உன் கையில பம்பு மக்கர் பண்ணுதாக்கும்" என்று மெர்வின் போனை வைத்துவிட்டார்.

ஆர்லன் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனார். மெர்வின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை.

"என்மேல கோவமா?"

"கோவம் என்ன. இங்க மக ஒரு எடத்துல உக்கார வச்சிருக்கா. தட்டக் கழுவப் போனாக்கூட புடுங்கிக்கிறா. எப்படா உன் ஷெட்டுக்கு வரலாம்னு அஞ்சு மாசம் நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். வந்தா நீயும் உக்கார வச்சிட்டியேடா."

செய்தது அத்தனையும் இந்த ஒருவருக்காக. அந்த ஒருவருக்கே அங்கே இடமில்லாமல் செய்துவிட்டோமே என்று அப்போதுதான் ஆர்லனுக்கு உறைத்தது.

"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுறேன். பழைய அடுப்பையே வச்சுக்கலாம். சனிக்கிழம வா."

மெர்வின் தன் கைகளை விரித்துக் காட்டினார்.

"வந்து? அண்டாவத் தூக்க என்னால முடியாதேடா, ஆர்லன்."

இத்தனை வருடத்தில் அவர் ஆர்லனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோட்டைக் கழற்றாமலே ஆர்லன் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் தொடாமலே அது ஆறிப்போயிற்று.