நகருங்கள் என்றால் நவுரு

இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒருத்தர் பேச்சை இன்னொருத்தருக்குச் சொல்கிற வேலையில், புரிந்தால் அவர்கள் கெட்டிக்காரர்கள், புரியாவிட்டால் நாம் மட்டி. மாமியாருக்கும் கணவருக்கும் நடுவில் இதே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரகடம் பக்கம் வயலெல்லாம் கம்பெனியாகிக்கொண்டிருந்த காலம். வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவும், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கூடப் போய்ப் பேசவும் ஒரு சின்ன தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. வாலாஜாபாத்தில் சும்மா இருந்த எனக்கு இந்தி தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஏழு வருஷம் போயிற்று.

முதல் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை, அரிசி மண்டிக்கு மேல் ஒரு ஹால். இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவில் துணிகூடத் துவைக்காமல் வந்திருக்கிறார்களே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த இந்தியில் முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருத்தரும் அசையவில்லை. இவ்வளவு ஒழுக்கமான வகுப்பா என்று பெருமையாக இருந்தது.

முடித்ததும் முன்வரிசையில் ரஞ்சன் என்பவன் எழுந்தான். ஒடிசாக்காரன். மூன்று வருஷமாக இங்கே இருப்பதால் தமிழ் ஓரளவு வரும். மற்றவர்களும் பெரும்பாலும் அவன் ஊர்ப்பக்கம்தான், ஒடியா தவிர வேறு பாஷை தெரியாதவர்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரஞ்சன் ரொம்பப் பணிவாகக் கேட்டான்: "மேடம், இவ்ளோ நேரம் நீங்க பேசினது இந்திங்களா? இவங்கல்லாம் தமிழ்னு நெனச்சி கேட்டுகினு இருந்தாங்க."

நகருங்கள்

ஆபத்து நேரத்தில் உதவும் வார்த்தைகளை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். புத்தகத்தைப் பார்த்து நில்லுங்கள், நகருங்கள், தொடாதீர்கள் என்று எழுதிப்போட்டேன். ரஞ்சனின் அறைத் தோழன் பபித்ராதான் எங்கள் வகுப்பில் முதல் மாணவன். 'நகருங்கள்' என்று அவன் சொன்னால் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும்.

பபித்ரா வேலை பார்த்த கிடங்கில் ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தது. லோடு ஏற்றிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர், "நவுரு, நவுரு" என்றார். கோவில்பட்டிப் பக்கத்துச் சூப்பர்வைசர், "ஏலே, தள்ளிப் போலே" என்றார். யாரையோ திட்டுகிறார்கள் என்று பபித்ரா நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தான். இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்த ஆள், இரண்டு பேர் எச்சரித்தும் ஏன் நகரவில்லை என்று கேட்டார். அதை நான் என் வாயால் அவனிடம் கேட்க வேண்டியிருந்தது. அவன் ஒடியாவுக்கே போகவில்லை. என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னான்: "மேடம், நீங்க சொன்ன வார்த்தை அங்க யாருமே சொல்லலை."

சூப்பர்வைசர் வந்தார்

அதற்கப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வல்லம் வடகால் பக்கம் லோடு ஏற்றும் இடங்களில் போய் நின்று, மனுஷர்கள் உண்மையில் எப்படிக் கத்துகிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். நவுரு, ஒதுங்கு, தள்ளு, அங்கிட்டுப் போ, சைடு சைடு. ஒரே அர்த்தத்துக்கு ஒரு பக்கம் நிறைந்தது. அந்தக் கோவில்பட்டிக்காரரையே வகுப்புக்குக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், அன்னைக்கு மாதிரியே கத்துங்க" என்றேன். கத்தினார். மொத்த வகுப்பும் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டது. பத்துத் தடவை கத்தவிட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் இங்க வந்த புதுசுல இந்தப் பக்கத்து ஆளுங்க பேசுற தமிழ் எனக்கே ஆறு மாசம் வெளங்கல மேடம். தலையை ஆட்டிக்கிட்டேதான் நின்னேன். அந்தப் பையனும் நான் எது சொன்னாலும் அப்படித்தான தலையாட்டுனான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஒன்றாம் வகுப்பில் மினதி

ஒரு கட்டட வேலைக் குடும்பத்துப் பெண் மினதி. ஒன்பது வயது. தமிழ் தெரியாது என்பதால் கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் நடுவில் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியையிடம் போய்ச் சண்டை போட்டேன். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர், நான் என்ன பண்ண என்றார் அவர். நான் கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு எழுதினேன். மினதி போட்டாள். போட்டுவிட்டு, பெருக்கிச் சரிபார்த்தாள். தலைமையாசிரியை அவள் பையை எடுத்துக்கொண்டுபோய் நாலாம் வகுப்பில் வைத்தார்.

ஆறு மாதத்தில் காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பிறகு கட்டடம் முடிந்தது. குடும்பத்தை ஒரு நாள் காணோம். பெங்களூர் என்றார்கள் சிலர், ஹைதராபாத் என்றார்கள் சிலர். அரைப் பரீட்சை முடிந்து நான் போனபோது தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "பேரை அடிக்க மனசு வரலைம்மா. இன்னும் ஆப்சென்ட்னுதான் போட்டுட்டு வரேன்."

வெட்கம்

பிரசவ வலியில் ஒரு பெண்ணைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவளுக்கு ஒடியா மட்டும்தான். கணவன் போனை எடுக்கவில்லை. நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டார். என்னுடைய ஒடியா 'சாப்பிட்டாயா, உட்கார்' அளவுதான் என்பதால் நான் ரஞ்சனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். பனிக்குடம் எப்போது உடைந்தது என்று கேட்க வேண்டும். நான் 'தண்ணி' என்று சுற்றி வளைத்தேன். கல்யாணமாகாத ரஞ்சன் அதைவிடச் சுற்றி வளைத்தான். 'குழாய்த் தண்ணிதான், கிணறு இல்லை' என்று பதில் வந்தது.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டிருந்தது. போனைப் பிடுங்கி, ரஞ்சன் மூலமாகவே ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். விடியற்காலையிலேயே உடைந்துவிட்டது என்று தெரிந்ததும் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெண் குழந்தை, இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்று சாயங்காலம் தகவல் வந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அவர் என்னிடம் சொன்னது இது: "வலிக்குதுன்னு எனக்குச் சொல்ல ஆள் வேணாம்மா. இதைக் கேக்க வெக்கப்பட்டா நீ இன்னாத்துக்கு வந்த?"

பாராட்டு

ஆள் போதாமல் கடைசி இரண்டு வருஷம் சுகந்தி அக்காவைச் சேர்த்துக்கொண்டோம். இலங்கையிலிருந்து சின்ன வயதில் வந்து அகதி முகாமில் வளர்ந்தவர். அவர் வகுப்பில் படித்தவர்கள் கம்பெனி லைனில் போய், பேசுவதை அவர் மாதிரியே 'கதைக்கிறது' என்று சொல்லிக் கேலியில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் அக்கா சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "இருபது வருசமா இஞ்ச இருக்கிறன். இண்டைக்கும் பஸ்ஸில ஒராள், 'தமிழ் நல்லா பேசுறீங்களே'ண்டு பாராட்டிட்டுப் போறார்."

கடைசிப் படிவம்

நிறுவனத்துக்கு வந்த உதவி நின்றது. மூடுவதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள்: இப்போது சரளமாகத் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? சரளமாகப் பேச வந்தவர்கள் எல்லாம் வேறு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பபித்ரா ஊருக்கே போய்விட்டான். ஹாலில் இருந்தவர்கள் போன வாரம் ரயிலில் வந்து இறங்கியவர்கள். குஜராத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரஞ்சனிடம் காட்டி, என்னடா எழுதுவது என்று கேட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒருத்தன் பாஸ்னு எழுதுங்க மேடம். அதையும் சீக்கிரம் எழுதுங்க, அடுத்த வாரம் நானும் இல்ல."

ஏழு வருஷம் மற்றவர்களுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்ததில் என் தமிழ் கலைந்துபோய், இந்தி வளராமல் நின்று, ஒடியா மட்டும் வீட்டில் யாருக்கும் புரியாமல் அலுத்துக்கொள்வதற்கு உதவுகிறது.