கடலில் போன இடுப்புக் குண்டு

1958 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது, தூறல். ஜாலான் பெண்டஹாரா தெருவில் வக்கீலின் மாடிக்கு மனைவியோடு பதினேழு படி ஏறினேன். சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபோது, டாக்டர் மூட்டுக்குள் பந்து மாதிரி ஒரு பிளாஸ்டிக் குண்டு பொருத்தியிருந்தார். இரண்டு வருடம் நடக்க நடக்கக் கீச்சிட்டது, பிறகு விரிசல் விட்டது. போன மாதம் அவரே அதை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்தார்.

"டாக்டர் மேல கேஸ் போடலாம், குண்டு செஞ்ச கம்பெனி மேலயும் போடலாம்," என்றார் வக்கீல்.

"டாக்டர் வேண்டாம், ஐயா. மறுபடி நடக்க வச்சவரே அவர்தான். கம்பெனி மேல போடுங்க."

"அப்போ குண்டுதான் சாட்சி. அதைக் காட்டுங்க."

மனைவியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்த அதைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு அவளுடையது.

"அதுவா? அன்னிக்கே உஜோங் பாசிர் கடல்ல போட்டுட்டுத் தலைக்கு ஊத்திக்கிட்டேனே! உடம்புல இருந்து எடுத்ததை வீட்டுல வைக்கலாமாங்க?"

வக்கீல் பேனாவை மூடினார். "அம்மா, அது இல்லாம கேஸ் நிக்காது."

"நஷ்டம் எனக்குத்தான் ஐயா. முன்னெல்லாம் இவர் திருட்டுத்தனமா சர்க்கரை டப்பா பக்கம் போனா கீச்சுன்னு கேட்கும், ஓடிப்போய்ப் பிடிப்பேன். இப்போ சத்தமே இல்ல. அதுக்கு யார் மேல கேஸ் போடறது?"

வக்கீல் சிரித்தார். ஆனாலும் கட்டணத்தைக் குறைக்கவில்லை. அவருக்குப் பத்து வெள்ளி, நாங்கள் வந்த டிரைஷா வண்டிக்கு ஒரு வெள்ளி இருபது காசு, அவள் கடலுக்குப் போய்வந்த பஸ்ஸுக்கு ஐம்பது காசு. மொத்தம் பதினொரு வெள்ளி எழுபது காசு.